மேசைத் தொலைபேசி: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கடைகள், மருத்துவமனைகள், விடுதிகள் எனப் பல இடங்களில் இன்டர்காம் அமைக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த வேலையில் கண்டதை வைத்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். கல்லா, கணக்கர் மேசை, குடோன், மாடி என ஆறு இடங்களில் போன் வேண்டும். ஐபி போன்தான் வாங்க வேண்டும் என்கிறார் விற்பவர். உண்மையா, ஐயா?

கணினி வலையமைப்பு வழியாகப் பேசும் ஐபி போன் உங்களுக்குத் தேவையில்லை. ஆறு போன்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் உள் போன்களையும் வெளி லைனையும் இணைத்துத் தரும் சிறிய இபிஏபிஎக்ஸ் பெட்டியும், இரண்டு கம்பியில் ஓடும் சாதாரண அனலாக் போன்களுமே போதும். இவ்வகைப் போன் பேசுவதற்கான மின்சாரத்தை அந்த இரண்டு கம்பிகள் வழியாகவே பெட்டியிலிருந்து பெற்றுக்கொள்வதால், பெட்டி ஒன்றை மட்டும் யுபிஎஸ்ஸில் இணைத்தால் மின்தடையிலும் ஆறும் வேலை செய்யும். கல்லாவில் வைக்கும் போனுக்கு மட்டும் அழைப்பவர் எண் தெரியும் திரை இருக்கட்டும். ஆனால் அந்த எண்ணை உள் இணைப்புகளுக்கு அனுப்பும் வசதி பெட்டியில் உண்டா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். அது இல்லாத பெட்டியில் திரையுள்ள போனை மாட்டினாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.

கேள்வி: ஐந்து ரோடு அருகே எங்கள் தணிக்கை அலுவலகத்தில் இருபது பேர் இருக்கிறோம். கிளை அலுவலகத்தையும் இணைக்க வேண்டியிருப்பதால் ஐபி போன் என்று முடிவாகிவிட்டது. எதைப் பார்த்து வாங்குவது?

கிளை இருப்பதால் உங்கள் முடிவு சரியானது. போனின் தோற்றத்தைப் பார்க்கும் முன் அதைத் திருப்பி, பின்பக்கம் உள்ள இரண்டு துளைகளைப் பாருங்கள். ஒன்றில் சுவரிலிருந்து வரும் லேன் கேபிளும், மற்றொன்றில் கணினிக்குப் போகும் கேபிளும் மாட்டப்படும். ஓர் அலுவலகத்தில் புதிய போன்கள் வந்த மறுநாளிலிருந்து சர்வரிலுள்ள பெரிய கோப்புகள் திறக்கவே நேரமாகிறது என்று என்னை அழைத்தார்கள். இணையத்தின் மேல் எல்லாரும் பழி போட்டிருந்தார்கள். ஒரு போனைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 10/100 என்று எழுதியிருந்தது. 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அனைத்தும் அந்தப் போன் வழியாகப் போனதால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருந்தன. எனவே ஒரே கேபிளில் போனையும் கணினியையும் இணைப்பதாக இருந்தால் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட், அதாவது துளை, உள்ள போனையே வாங்குங்கள். கணினிக்குத் தனிக் கேபிள் இருந்தால் விலை குறைந்ததே போதும்.

அடுத்தது மின்சாரம். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அடாப்டரைச் செருகுவதைவிட, எல்லாப் போன்களின் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியாக, லேன் கேபிளிலேயே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் வைப்பது நல்லது. பிஓஇக்கான 802.3ஏஎஃப் தரத்தின்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். திரை சிறிதாக உள்ள போன்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. ஆனால் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் தரும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இருபது போன் ஆளுக்கு 7 வாட் எடுத்தால் 140 வாட் ஆகிறது. மொத்தத் திறன் அதற்குக் குறைவாக இருந்தால் கடைசியில் மாட்டிய சில போன்கள் உயிர் பெறாமல் கிடக்கும். ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் மோடம் மூன்றையும் யுபிஎஸ்ஸில் வையுங்கள். ஒன்றை விட்டாலும் மின்தடையில் வெளி அழைப்பு நின்றுவிடும்.

இணைய வேகம் குறித்துப் பலரும் அஞ்சுகிறார்கள். குரலை அனுப்பும் ஜி.711 என்ற முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கேபிபிஎஸ்தான் செலவாகும் என்பதால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. குரல் வெட்டி வெட்டிக் கேட்பதற்குப் பெரும்பாலும் வேகக் குறைவு காரணமல்ல, அதே வேளையில் யாரோ பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டிருப்பதே காரணம். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை அமைத்துத் தருமாறு கேளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் பன்னிரண்டு குடில்கள் கொண்ட விடுதி நடத்துகிறோம். கோடை மழையில் இடி விழும்போதெல்லாம் போன்கள் எரிந்துபோகின்றன. எந்த மாடல் தாங்கும்?

எந்த மாடலும் தாங்காது. சரிவில் குடிலுக்குக் குடில் இழுத்த செப்புக் கம்பிதான் மின்னலின் வீச்சைப் போனுக்குக் கொண்டுவருகிறது. போனை மாற்றுவதால் அது நிற்காது. கட்டடங்களுக்கு இடையே, மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள் போடுங்கள். வீடுகளுக்கு இணையம் தர இழுக்கும் சில ஃபைபர்களில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி இருக்கும். அதுவும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் இயலாத குடிலுக்கு, கம்பியின் இரு முனைகளிலும் மின்னல் தடுப்பான் பொருத்தி, அதை நல்ல எர்த் குழியில் இணைக்க வேண்டும். எர்த் சரியில்லாத தடுப்பான் இருந்தும் இல்லாததே.

பனிமூட்டத்தின் ஈரத்தில் போன் கம்பியின் சிறு உலோகப் பற்கள் பச்சை பூத்துப்போவதை அங்கே அடிக்கடி பார்க்கிறேன். கரகரவென்று ஓசை வந்தால் முதலில் அந்த முனையை வெட்டிப் புதிதாக அழுத்துங்கள். விருந்தினர் அறைக்கு விலையுயர்ந்த போன் வேண்டாம். வரவேற்பறையை ஒரே விசையில் அழைக்கும் பட்டனும், செய்தி வந்தால் ஒளிரும் விளக்கும் போதும்.

கேள்வி: அம்மாபேட்டையில் விசைத்தறிக் கூடம். மணி அடிப்பதே கேட்பதில்லை.

போனை மாற்ற வேண்டாம். அழைப்பு வரும்போது மின்னும் விளக்கும் உரத்த மணியும் உள்ள தனிக் கருவியை அந்த லைனில் சேருங்கள். பேசுவதற்குப் போனைத் தறிக்கூடத்துக்கு வெளியே, கதவை ஒட்டிய சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: மருத்துவமனை வரவேற்பறைக்கு எது பொருத்தம், ஐயா?

எந்த உள் இணைப்பு பேசிக்கொண்டிருக்கிறது என்று விளக்கில் காட்டும் பட்டன்கள் கொண்ட போன். ஹெட்செட் இணைப்பும் அவசியம், நாள் முழுவதும் ரிசீவரைத் தோளில் இடுக்கியே பேசும் அந்தப் பெண்ணின் கழுத்தை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் அடிக்கடி ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள் என்பதால், எண்கள் மேலே அச்சிடப்படாமல் பட்டனுக்குள்ளேயே வார்க்கப்பட்டுள்ளதா என நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஐபி போன்களை வாங்கலாமா?

சில போன்கள் முன்பு இருந்த நிறுவனத்தின் அமைப்புக்கே பூட்டப்பட்டிருக்கும். உங்கள் தொலைபேசி சர்வரில் பதிவாகி, வெளியே ஓர் அழைப்பு போன பிறகே பணம் கொடுங்கள். பிறகு முதல் வேலையாகப் போனின் பழைய கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, தேவையில்லையென்றால் வெளிநாட்டு அழைப்பையும் அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாத ஓரிடத்தில், விடுமுறை முடிந்து கடையைத் திறந்தபோது இரவு முழுவதும் யாரோ வெளிநாடுகளுக்குப் பேசிய கட்டணம் காத்திருந்தது.