தெருவின் அமைப்பு நம் நடத்தையை மாற்றுமா?

நகரம் கட்டப்பட்ட விதம் மனிதர்களின் நலனையும் நடத்தையையும் மாற்றுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் மாற்றும்.

நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அடுத்தடுத்த மூன்று தெருக்களை ஆராய்ந்து 1972-ல் முடிவுகளை வெளியிட்டார். தினமும் சுமார் 2,000 வண்டிகள் ஓடிய தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் ஓடிய தெருவில்? வெறும் 0.9. முதல் தெருவில் வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள், பிள்ளைகள் நடைபாதையில் விளையாடினார்கள். மற்றதில் நடைபாதை கடந்துபோக மட்டுமே. சத்தம் தாங்காமல் வீட்டின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். அவர்களை ஒட்டாதவர்கள் என்று சொல்வது அநியாயம். சாலை அகலமாகும்போது இந்த இழப்பைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பசுமையும் முக்கியம். 1984-ல் வெளியான ரோஜர் உல்ரிச்சின் ஆய்வில், ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறுவைச் சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.