நோட்பேட் பிளஸ் பிளஸ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

விண்டோஸ்ல கோடும் சாதா எழுத்தும் அடிக்கிற எடிட்டர் இது, பதினஞ்சு வருசமா தினமும் திறந்து வச்சிருக்கேன். கேக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை, விண்டோவோட வலது கீழ் மூலையில என்ன எழுதியிருக்குன்னு (வரி முடிவு எந்த வகை, எழுத்து எந்த என்கோடிங்) பாத்துட்டு வாங்க, பாதி கேள்வி அங்கயே முடிஞ்சிடும்.

கே: யாரு பண்ணது, காசு குடுக்கணுமா?
ப: டான் ஹோ. 2003 நவம்பர்ல முதல் வெளியீடு. ஜிபிஎல் லைசென்ஸ் (யாரும் கோட பாத்து மாத்தி பகிரலாம்), இலவசம். எழுத்த காட்டுற வேலை சின்டில்லாங்குற ரெடிமேட் எடிட்டர் பாகத்தோடது, மிச்சமெல்லாம் சி பிளஸ் பிளஸ்ல நேரா விண்டோஸோட சொந்த வசதியான வின்32 ஏபிஐ மேல எழுதினது, அதான் ஓட்ட கம்ப்யூட்டர்லயும் டக்குனு திறக்குது.

கே: ஷெல் ஸ்கிரிப்ட்ட (கமாண்டுகள் எழுதின ஃபைல்) லினக்ஸ் சர்வர்ல போட்டா 'பேட் இன்டர்பிரட்டர்'ங்குது, கோட்ல தப்பே இல்ல சார்.
ப: தப்பு கண்ணுக்கு தெரியாது. விண்டோஸ் ஒவ்வொரு வரி கடைசியிலயும் வரி முடிஞ்சதுன்னு சொல்ல சிஆர், எல்எஃப்னு கண்ணுக்கு தெரியாத ரெண்டு குறி வைக்கும், லினக்ஸுக்கு எல்எஃப் மட்டும்தான். உங்க முதல் வரியில, ஸ்கிரிப்ட்ட ஓட்டுற புரோகிராமான பேஷோட பேருக்கு பின்னாடி அந்த சிஆர் ஒட்டிக்கிச்சு, அப்படி ஒரு புரோகிராமே இல்லையேன்னு சர்வர் முழிக்குது. வியூ மெனுல ஷோ சிம்பல் போய் எல்லாத்தையும் காட்டச் சொல்லுங்க, வரிக்கு வரி கறுப்பு பெட்டியில சிஆர் எல்எஃப்னு வரிசையா நிக்கும். எடிட் மெனு, ஈஓஎல் (வரி முடிவு) கன்வர்ஷன், யூனிக்ஸ். சேவ். முடிஞ்சது.

கே: தமிழ் ஃபைல் குப்பையா தெரியுது.
ப: எழுத்த பைட்டா சேமிக்கிற முறைதான் என்கோடிங், அதுல யூடிஎஃப்-8ங்குறதுல ஒரு 'க'வுக்கு மூணு பைட். அத ஆன்சின்னு (பைட்டுக்கு ஒரு எழுத்துன்னு எண்ணுற பழைய முறை) நினைச்சு படிச்சா ஒரு எழுத்து மூணு குப்பையா வரும். என்கோடிங் மெனுல மேல இருக்குற யூடிஎஃப்-8 அமுக்குங்க. கீழ இருக்குற 'கன்வர்ட் டு' பக்கம் கை வைக்காதீங்க, அது குப்பைதான் நிஜ எழுத்துன்னு நம்பி மாத்திடும், சேவும் பண்ணிட்டா அதோ கதிதான். பாமினிங்குற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சதுன்னா இங்க தீராது, அதுக்கு கன்வர்ட்டர் தேடுங்க.

கே: வெப்சைட்டுக்கு எழுதின பிஎச்பி ஃபைல்ல 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்'னு எரர் வருது.
ப: மூலையில யூடிஎஃப்-8-பிஓஎம்னு இருக்கா? பிஓஎம்ங்குற அடையாளமா ஃபைல் தலையில மூணு பைட் உக்காந்திருக்கு, பிஎச்பி அத முதல்லயே வெளிய அனுப்பிடுது. அத எடுக்கத்தான் 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8'.

கே: மேக்ல ஓடுமா?
ப: அதிகாரப்பூர்வமா விண்டோஸ் மட்டும்.

கே: நான் எதையுமே சேவ் பண்றதில்ல, 'நியூ 1'லேர்ந்து 'நியூ 60' வரைக்கும் டேப் அப்படியே இருக்கு. சரிதானே?
ப: சரியே இல்ல. அது டேப்ல இருக்குறத ஏழு செகண்டுக்கு ஒருதடவ ஆப்டேட்டாங்குற மறைஞ்ச ஃபோல்டருக்கு உள்ள பேக்கப் ஃபோல்டர்ல எழுதுது, அவ்வளவுதான்.

கே: அவர் சொல்றது கரெக்ட்தான், நானும் மூணு வருசமா அப்படித்தான், ஒண்ணும் போகல.
ப: எனக்கும் போகலதான், ஒருநாள் எழுதிட்டு இருக்கும்போதே கரண்ட் போற வரைக்கும். திரும்ப திறந்தா டேப் இருக்கு, உள்ள முழுக்க 'நல்' (NUL, வெறும் பூஜ்ய பைட்), 'நல்'னு கறுப்பு பெட்டி. ஒரு வாரமா எழுதின எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் கோட்) போச்சு. யூபிஎஸ் இல்லாதது என் தப்புதான்.

கே: அப்ப யூபிஎஸ் வாங்கினா போதும்ல?
ப: கன்ட்ரோல் எஸ்ஸுக்கு காசு கேக்குறாங்களா?

கே: தமிழ் எழுத்து உடைஞ்சு குப்பையா...
ப: மேல. மேல பாருங்க.

கே: ஃபைல் நல்லாதான் இருக்கு, சர்வர்ல ஸ்கிரிப்ட் மட்டும் ஓடல.
ப: வலது கீழ் மூலை!

கே: நியூ 60 ஆள்தான். சிஆர் எல்எஃப் பதில காப்பி பண்ணி நியூ 61ல வச்சுக்கிட்டேன், தேங்க்ஸ்.
ப: சேவ் பண்ணுங்க.