பேண்ட் வரவில்லை என்று பிஎச்.டி.யை விடலாமா?

கேள்வி: என் மகள் பெங்களூரில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. ஆர்என்ஏ ஸ்பிளைசிங்கும் புற்றுநோயும் என்பது தலைப்பு. என் அக்கா மார்பகப் புற்றுநோயில் இறந்ததால்தான் இந்தத் துறைக்கே போனாள். பொங்கலுக்கு வந்தவள், “ஆறு மாசமா ஒரு பேண்ட் கூட ஒழுங்கா வரலைம்மா” என்று அழுதாள். (பேண்ட் என்றால் சோதனையில் தெரிய வேண்டிய ஏதோ கோடாம்.) இவள் படிப்பால் நோய்க்கு மருந்து வருமா? விட்டுவிட்டு கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லட்டுமா?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, விடச் சொல்லாதீர்கள். பேண்ட் வராததற்காக நிச்சயம் வேண்டாம்.

மரபணுவில் இருக்கும் செய்தி முதலில் ஆர்என்ஏவாக நகலாகிறது. அந்த நகலில் இடையிடையே புரதத்துக்கு உதவாத பகுதிகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, மீதியை ஒட்டுவதுதான் ஸ்பிளைசிங். அமெரிக்காவில் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் 1977இல் அடினோவைரஸை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. 1993இல் இருவருக்கும் நோபல் பரிசு. வெட்டுகிற இடம் மாறினால் ஒரே மரபணுவிலிருந்து வேறு புரதம் வந்துவிடும். பிசிஎல்-எக்ஸ் என்று ஒரு மரபணு. அதன் நீள வடிவம் செல்லைச் சாகவிடாது. குட்டை வடிவம் செல்லைச் சாகடிக்கும். புற்றுநோய்ச் செல் எதைக் கட்டிக்கொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகள் பார்ப்பது எந்த மரபணுவோ, பேண்ட் என்று அவள் சொல்வது இதைத்தான்: நீளத்தின்படி பிரித்துக் காட்டும் ஜெல் என்ற கூழ்த்தகட்டில் நீள வடிவம் மேலே ஒரு கோடாகவும் குட்டை வடிவம் கீழே ஒரு கோடாகவும் தெரியும். எது அழுத்தமாக விழுகிறது என்பதில்தான் எல்லாம். ஆர்என்ஏவோ சரியான நோஞ்சான். நம் விரலில் இருக்கும் நொதி பட்டாலே சிதைந்துவிடும்; பிறகு கோடு எங்கே வரும், வெறும் தீற்றல்தான். ஆறு மாதம் இப்படிப் போவது இந்தத் துறையில் அதிசயமே இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். அவள் தீசிஸிலிருந்து நேராக மருந்து வராது; அந்த நம்பிக்கையை அவள் தலையில் ஏற்றாதீர்கள். ஆனால் துறை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நுரையீரல் புற்றுநோயாளிகளில் சிலருக்கு மெட் என்ற மரபணுவின் 14ஆம் துண்டு ஸ்பிளைசிங்கில் ஒட்டாமல் விடுபட்டுப் போகிறது. அந்தப் புரதத்தைச் செல் அழிக்க வேண்டிய அடையாளம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அது இல்லாததால் புரதம் தங்கிவிட்டு, ‘வளரு, வளரு’ என்று விரட்டுகிறது. இவர்களுக்கென்றே 2020இல் காப்மாடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்லாம் ஜெயித்துவிடவில்லை. ஸ்பிளைசிங் செய்யும் இயந்திரத்தையே தாக்கும் எச்3பி-8800 என்ற மருந்து முதல்கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

1980களில் ஹார்வர்டில் பிஎச்.டி. மாணவராக ஸ்பிளைசிங்கை ஆராய்ந்தவர் ஏட்ரியன் கிரைனர். அந்த வழியில் அவர் பங்கெடுத்து உருவான நுசினெர்சென் ஊசி 2016 டிசம்பரில்தான் அனுமதி பெற்றது. அதுவும் புற்றுநோய்க்கு அல்ல, தசைகளை நலியவைக்கும் எஸ்எம்ஏ என்ற மரபணு நோய்க்கு. (16 கோடி ரூபாய் ஊசி என்று செய்தியில் வருமே, அதே நோய்தான், ஊசி வேறு.)

பலன் வர இவ்வளவு காலம் பிடிக்கும் துறை இது. அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது மருந்தைப் பற்றி அல்ல, அவளுடைய கைடை (ஆய்வு நெறியாளரை) பற்றி. வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து டேட்டாவைப் பார்க்கிறாரா? அவரிடம் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி வெளியே வந்திருக்கிறார்களா? பேண்ட் வராதபோது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க லேபில் ஒரு சீனியர் உண்டா? இவை சரியாக இருந்தால் நீங்கள் பேசாமல் இருங்கள். அவள் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்குபவள் என்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு முடிந்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. கைச்செலவுக்கு உங்களை எதிர்பார்க்க மாட்டாள்.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அவள் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டியிடம் பேசி வேறு லேபுக்கு மாற முடியுமா என்று இப்போதே கேட்கச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டில் மாறினால் நஷ்டம் கொஞ்சம்தான். நாலாம் ஆண்டில் மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.