ஆவோகியின் மண்டையோடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியக் கலைஞர் கட்சுயோ ஆவோகியின் பீங்கான் மண்டையோடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் பார்த்தேன். கைத்திறன் அபாரம். ஆனால் இத்தனை சுருள்களும் வளைவுகளும் எதற்கு? ஜப்பானியக் கலை என்றால் தேநீர்க் கிண்ணத்தின் எளிமைதான் நினைவுக்கு வருகிறது. இவை ஐரோப்பிய அரண்மனை அலங்காரத்தின் நகலாகத் தெரிகின்றன. இவற்றைச் சிற்பம் என்று சொல்லலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தாராளமாகச் சொல்லலாம். ஆவோகியின் ‘முன்னறி கனவு’ வரிசையில் ஏதேனும் ஒரு மண்டையோட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சுருள்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அடியில் வழுவழுப்பான மண்டையோடு ஒன்று மிஞ்சும் என்று எதிர்பார்ப்போம். ஒன்றும் மிஞ்சாது. கண்குழியின் விளிம்பு ஒரு சுருள், கன்ன எலும்பு இன்னொன்று. முதலில் நம் கண் வளைவுகளின் பின்னே அலைகிறது; சற்றுப் பொறுத்தே மண்டையோடு எழுந்து வருகிறது. அலங்காரமே எலும்பாக நிற்கும் வடிவத்தைச் சிற்பம் என்றல்லாமல் வேறென்ன சொல்வது?

பொருளும் இணக்கமானதன்று. பீங்கான் மண் 1,250 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இளகும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். மெல்லிய சுருள்கள் துவளும். தடிமன் மாறும் இடங்களில் விரிசல் விடும். ஒவ்வொரு வளைவும் சூளையைக் கடந்து வந்திருக்கிறது என்பதை நினைத்தால், ‘எதற்கு இத்தனை’ என்று எனக்குக் கேட்கத் தோன்றுவதில்லை.

எளிமை பற்றிய உங்கள் எண்ணத்துக்கு வேர் 16ஆம் நூற்றாண்டின் தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூவிடம் இருக்கிறது. அவர் பெரும் கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அவர் பணிபுரிந்த ஆட்சியாளர் ஹிதேயோஷிதான் பொன்னால் இழைத்த தேநீர் அறையைக் கட்டிக்கொண்டவர். இன்னும் பின்னே போனால், ஜப்பானின் நீகாதா பகுதியில் கிடைத்த, வரலாற்றுக்கு முற்பட்ட ஜோமோன் காலத்துச் சுடர்வடிவக் கலயங்கள் இருக்கின்றன. சுமார் 5,000 ஆண்டுப் பழமை, விளிம்பெல்லாம் தீயாய் எழும் வளைவுகள். 1951இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஜோமோன் மட்பாண்டங்களைக் கண்டு அதிர்ந்துபோன ஓவியர் தாரோ ஒகாமோட்டோ, மறுவருடமே அவற்றைப் பற்றி ஆவேசமாக எழுதினார். அடக்கமே ஜப்பானிய அழகு என்ற நம்பிக்கையை அவர் உலுக்கினார். 1972இல் டோக்கியோவில் பிறந்த ஆவோகியை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

இனி ‘நகல்’ என்ற சொல். ரொக்கோக்கோ என்னும் 18ஆம் நூற்றாண்டு அலங்காரப் பாணியின் வளைவுகள் ஐரோப்பாவினுடையவை, உண்மைதான். ஆனால் அந்த வளைவுகளைப் பீங்கானில் வார்க்க ஐரோப்பாவுக்கு எங்கிருந்து ஆசை வந்தது? 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே டச்சுக் கப்பல்கள் ஜப்பானியப் பீங்கான் ஊரான அரித்தாவின் பீங்கானை ஏற்றிச் சென்றன. ஜெர்மானியப் பகுதியான சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் அதைப் பித்துப் பிடித்தவர்போல் சேர்த்தார். அவர் 1710இல் தொடங்கிய மைசன் பீங்கான் ஆலை, அரித்தாவின் காக்கியெமோன் என்னும் வண்ண அலங்காரப் பாணியைப் பார்த்துப் பாண்டங்கள் செய்தது. யார் யாருடைய நகல் என்று இதில் எப்படித் தீர்ப்பது?

படங்களை மறுபடியும் பார்ப்பதாக இருந்தால், பக்கவாட்டில் எடுத்தவற்றைத் தேடிப் பாருங்கள். நேர்முகமாக எடுத்த படத்தில் மண்டையோடு சட்டென்று முந்திக்கொள்கிறது. பக்கவாட்டில் சுருள்களின் ஓட்டம் இன்னும் தெளிவாகப் பிடிபடும்.