ஐந்திலேயே நிற்கும் மாறி

அன்புள்ள ஐயா,

சி மொழி நிரல்களை ஆராய்வதற்காக, ஜிடிபி டீபக்கரின் (ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் கருவி) மேல் இயங்கும் சிறிய வரைகலை முகப்பு ஒன்றை எழுதி வருகிறேன். மாறிகளின் மதிப்புகளை, பிற நிரல்கள் ஜிடிபியோடு பேசுவதற்கான எம்ஐ இடைமுகத்தின் வழியாகப் பெறுகிறேன். தன்னைத்தானே அழைக்கும் ஃபேக்டோரியல் ஃபங்ஷனில் நிறுத்திப் பார்த்தால், கன்சோலில் பிரிண்ட் கட்டளைக்கு ‘நம்பர்’ 5, 4, 3 என்று இறங்குகிறது; என் பலகத்திலோ 5 என்றே நிற்கிறது. ஸ்ட்ரக்சர் ஒன்றைக் காட்டச் சொன்னால் நெளிவு அடைப்புக்குள் மூன்று புள்ளிகள்தான் வருகின்றன. உறுப்புகள் மாறிய பிறகும், எவை மாறின என்று கேட்கும் வார்-அப்டேட் கட்டளை வெற்றுப் பட்டியலையே தருகிறது. இது ஜிடிபியின் பிழையா? பேசாமல் பிரிண்ட் தரும் உரையையே வெட்டியெடுத்துக் காட்டிவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

பிழை இல்லை. எம்ஐ தரும் ‘வேரியபிள் ஆப்ஜெக்ட்’டை மாறியின் அப்போதைய மதிப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒரு கோவையையும் (எக்ஸ்பிரஷன்) ஒரு ஸ்டாக் ஃபிரேமையும் (ஃபங்ஷனின் ஓர் அழைப்புக்கு உரிய உள்மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி) சேர்த்துக் கட்டி, ஜிடிபி தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும் பொருள். உங்கள் இரண்டு சிக்கல்களும் இங்கிருந்துதான் வருகின்றன.

இந்தப் பொருளை உருவாக்கும் வார்-கிரியேட் கட்டளைக்குப் பெயர், ஃபிரேம், கோவை என மூன்றைத் தருகிறோம். ஃபிரேமின் இடத்தில் நட்சத்திரக் குறி இட்டால், அந்தக் கணத்தில் தேர்வாகியிருக்கும் ஃபிரேமோடு அந்தப் பொருள் கட்டப்பட்டுவிடும். முதல் அழைப்பில் நின்றபோது நீங்கள் உருவாக்கியது முதல் அழைப்பின் ‘நம்பர்’. ஃபங்ஷன் தன்னை மீண்டும் அழைத்த பின்னரும் அந்த ஃபிரேம் ஸ்டாக்கில் உயிரோடு இருக்கிறது, அங்கே மதிப்பு 5-தான். உங்கள் பலகம் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் வேறொரு ஃபிரேமைப் பற்றி. நட்சத்திரத்துக்குப் பதில் ‘@’ இட்டால் பொருள் மிதக்கும். எந்த ஃபிரேம் தேர்வாகியிருக்கிறதோ அதில் கோவை மதிப்பிடப்படும். அதற்காக எல்லாவற்றையும் மிதக்கவிடுவதை நான் ஏற்கமாட்டேன். பயனர் தட்டச்சு செய்யும் கண்காணிப்புக் கோவைகளுக்கு மிதக்கும் பொருள் பொருத்தம்; உள்மாறிகளை ஃபிரேம்வாரியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் திரும்பியதும் அப்டேட்டின் பதிலில் ‘இன்-ஸ்கோப்’ என்ற புலம் ‘ஃபால்ஸ்’ ஆகும், அப்போது அந்த வரியை மங்கலாக்கலாம். ‘இன்வாலிட்’ என்று வந்தால் பொருளை அழித்துவிட வேண்டியதுதான். நிரலை மறுபடி கம்பைல் செய்திருந்தால் அப்படி வரும்.

ஸ்ட்ரக்சரின் மூன்று புள்ளிகளும், 10 உறுப்புள்ள அரேவுக்கு வரும் ‘[10]’ என்பதும் மதிப்புகள் அல்ல, ‘உள்ளே திறந்து பார்’ என்ற குறிப்புகள். மதிப்பு இலைகளில்தான், அதாவது மேலும் திறக்க முடியாத உறுப்புகளில்தான், இருக்கிறது. வார்-லிஸ்ட்-சில்ட்ரன் கட்டளையை இட்டபோதுதான் ஜிடிபி உறுப்புகளுக்கான பிள்ளைப் பொருள்களை உருவாக்குகிறது. உருவானவற்றை மட்டுமே வார்-அப்டேட் பழைய மதிப்போடு ஒப்பிடுகிறது. நீங்கள் கிளையை விரிக்கவே இல்லை, மூன்று புள்ளிகளோ எப்போதும் மூன்று புள்ளிகள்தான், ஆகவே மாற்றம் என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. ஆயிரம் கணுக்கள் கொண்ட லிங்க்டு லிஸ்டில் பயனர் திறந்த நான்கை மட்டும் படித்தால் போதும் என்பதற்காகவே இந்தச் சோம்பல். பாயிண்டரும் அப்படியே: அது சுட்டும் இடத்தில் மதிப்பு மாறினாலும் முகவரி மாறாததால், பிள்ளையை உருவாக்காதவரை உங்களுக்குச் செய்தி வராது.

சி++ பக்கம் போனால் இன்னொன்றும் இருக்கிறது. கிளாஸ் ஒன்றை விரித்தால் முதலில் ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற போலிப் பிள்ளைகள் வரும். உண்மையான உறுப்புகள் அவற்றுக்கு அடியில் இருக்கும். ‘பிரைவேட்’ என்ற பெயரில் யார் மாறி அறிவித்தார்கள் என்று ஒரு மாலை முழுவதும் சோர்ஸைத் துழாவியவன் நான். வெக்டர் (அளவு மாறக்கூடிய வரிசை) போன்றவற்றுக்கு எனேபிள்-ப்ரிட்டி-பிரிண்டிங் கட்டளையைத் தொடக்கத்திலேயே இட்டுவிடுங்கள். 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து பைத்தானில் எழுதிய பிரிண்டர்கள் உள்ளுறுப்புகளை மறைத்து, சேமித்த மதிப்புகளை வரிசையாகத் தருகின்றன. ஆனால் ஒருமுறை இயக்கினால் அந்த அமர்வில் அதை நிறுத்த முடியாது. அப்படிப்பட்ட பொருளில் பிள்ளைகளின் எண்ணிக்கையை நம்பாமல் இன்னும் பிள்ளைகள் உண்டா என்று சொல்லும் ‘ஹாஸ்-மோர்’ புலத்தையே பார்க்க வேண்டும்.

பிரிண்ட் உரையை வெட்டியெடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது மனிதக் கண்ணுக்காக எழுதப்படுவது: இயல்பாக 200 உறுப்புகளோடு நின்றுவிடும், ஒரே மதிப்பு 10 முறைக்கு மேல் தொடர்ந்தால் ‘இத்தனை முறை’ என்று சுருக்கிவிடும், பயனர் தன் ஜிடிபி-இனிட் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் வடிவமே மாறிவிடும்.

நிரல் நிற்கும் ஒவ்வொரு முறையும் வார்-அப்டேட்டை, மதிப்புகளையும் சேர்த்துத் தரச் சொல்லும் ‘ஆல்-வேல்யூஸ்’ விருப்பத்தோடும் நட்சத்திரக் குறியோடும் ஒரே ஒருமுறை அனுப்பி, திரும்பி வரும் பட்டியலில் உள்ள வரிகளை மட்டும் புதுப்பியுங்கள். இங்கே நட்சத்திரத்துக்கு ‘உருவாக்கிய எல்லாப் பொருள்களும்’ என்று பொருள்; வார்-கிரியேட்டின் நட்சத்திரம் வேறு, இது வேறு.