கட்டிலுக்குக் கீழ இருக்கிற காமிக்ஸை முதல்ல வெளிய எடுங்கோ

தம்பி, உப்புவெளியில வாடகை வீடு, சுவரில தட்டு அடிக்க ஏலாது, 300 முத்து, லயன் காமிக்ஸ் கட்டிலுக்குக் கீழ காட்போட் பெட்டியில எண்டு எழுதியிருந்தீங்கள், மாரி தொடங்க முதல் அந்தக் காட்போட்டை மாத்துங்கோ, அது ஈரத்தை உறிஞ்சி கறையானுக்கு விருந்து வைக்கும், என்ர ராணி காமிக்ஸ் ஒரு கட்டு அப்பிடித்தான் போச்சு, தூக்கேக்க அடிப் புத்தகத்தின்ர அட்டை நிலத்தோடயே ஒட்டி நிண்டுது. மூடி இறுக்கமா பூட்டுற பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, புத்தகங்களை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காம பைல் மாதிரி நிமித்தி வையுங்கோ. சின்னப் பெட்டியே காணும், பெருசெண்டா தூக்க நாரி முறியும். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற, ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பைக்கற் நாலைஞ்சு போடுங்கோ. பெட்டியை மூட முதல் புத்தகங்களை ஃபேனுக்குக் கீழ காய விடுங்கோ, நேர வெயிலில வேண்டாம், நியூஸ்பிரிண்ட் தாள் மஞ்சளாகிடும். பிறகு அலுமாரிக்கு மேல ஏத்துங்கோ, அங்க பழைய சூட்கேஸ்தானே தூங்குது.