கிளட்ச் நட்டைத் திருகும் முன்: கம்பெனி பார்ட்டா, வெளி பார்ட்டா?

சத்துவாச்சாரியில் 22 வருடமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கிளட்ச் கேபிள், அதை இறுக்கித் தளர்த்தும் அட்ஜஸ்டர், புஷ் ராட் போன்றவற்றைக் கார் கம்பெனியின் பெயரில் வருவதாக வாங்குவதா, வெளித் தயாரிப்பாக வாங்குவதா என்று பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காட்பாடியிலிருந்து, ஆல்டோ வைத்திருப்பவர்: "கேபிள் நீண்டுபோச்சு என்று சொல்லி நட்டை இறுக்கினார்கள். இப்போது ரயில்வே மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. புதுக் கேபிள் எதில் வாங்கலாம் சார்?"

கேபிளை இப்போது வாங்காதீர்கள் சார். உங்கள் வண்டியில் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் டிஸ்க் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் வெளிப்பக்கம் நகர்ந்து, மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நெருங்கும். அதனால் பெடலின் சும்மா ஆட்டம் குறையும், அதிகமாகாது. தேய்ந்த கிளட்ச்சுக்கு நட்டைத் தளர்த்தத்தான் வேண்டும். உங்களுக்கு நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருப்பதால் டிஸ்க் முழுப் பிடியில் இல்லை.

ஒரு ஸ்கேலை பெடல் பக்கத்தில் நிறுத்தி, கையால் பெடலை மெதுவாக அமுக்குங்கள். எதிர்ப்பு தெரியும் இடம் வரை அது இறங்குகிற தூரம்தான் சும்மா ஆட்டம். கேபிள் உள்ள சின்னக் கார்களில் பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கம், கேபிள் இழுக்கும் ஃபோர்க் கையின் நுனியில் பார்த்தால் 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆடும். அட்ஜஸ்டர் நகராமல் பூட்டி வைக்கும் லாக் நட்டை முதலில் தளர்த்தி, பிறகு அட்ஜஸ்டரையும் தளர்த்தி இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகும் மேம்பாலத்தில் அலறினால் டிஸ்க்கும் பிரஷர் பிளேட்டும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒரு பைசா செலவில்லாத இந்த அளவைப் பார்க்காமல் பார்ட்ஸ் கடைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து, வாடகை வண்டி ஓட்டுபவர்: "அண்ணே, வெளி கேபிள் விலை குறைவு. போடலாமா?"

நல்ல பெயருள்ள தயாரிப்பாக இருந்து, நீளம் சரியாக இருந்தால் தாராளமாகப் போடலாம் தம்பி. கார் கம்பெனிக்கே கேபிள் செய்து கொடுப்பவர்கள் தங்கள் பெயரிலும் வெளியே விற்பதுண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. பயப்பட வேண்டியது பெயரே இல்லாத கவரில் வரும் கேபிளுக்குத்தான்.

கடை வைத்த புதிதில் நான் அப்படி ஒன்றை ஒரு மாருதி 800-க்குப் போட்டேன். உள்கம்பி கொஞ்சம் நீளம். நட்டை மரையின் கடைசி வரை ஏற்றிய பிறகுதான் ஆட்டம் சரியாக நின்றது. "நின்றுவிட்டதே" என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தக் குடும்பம் திருவண்ணாமலைக்குக் கிளம்பி, போளூர் தாண்டியதும் கியர் விழவில்லை. மட்டமான கேபிளின் வெளியுறைச் சுருள், ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டே வரும். அதை ஈடுகட்ட இறுக்கலாம் என்றால் மரையில் இடமில்லை. அவர்கள் கிரிவலத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். நான் கம்பெனி கேபிளை எடுத்துக்கொண்டு போய் ரோட்டோரத்தில் மாட்டினேன். நட் மரையின் நடுவிலேயே நின்றது.

அதனால் புதுக் கேபிளை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து, வெளியுறை நீளம், உள்கம்பி நீளம் இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். மாட்டிய பிறகு இரண்டு பக்கமும் மரை மிச்சம் இருக்க வேண்டும்.

ஆம்பூரிலிருந்து: "பெடல் கல் மாதிரி இருக்கிறது. கேபிளுக்குள் கிரீஸ் விடலாமா?"

உள்ளே நைலான் குழல் உள்ள கேபிளுக்கு வேண்டாம். கிரீஸ் மண்ணைப் பிடித்து வைத்து இன்னும் இறுக்கும். முதலில் கேபிள் எங்கேயாவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா, சைலன்சர் பைப்பின் சூட்டில் உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, கேபிளைக் கழற்றிக் கையில் இழுத்தால் லேசாக ஓடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பிரஷர் பிளேட்டில்.

காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் தம்பி: "என் காரில் ஹைட்ராலிக் கிளட்ச். ஏலகிரி ஏறும்போது சட்டென்று பிடிக்க, நீளத்தை மாற்றும் புஷ் ராட் வெளியே வாங்கிப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஏழெட்டு வளைவு தாண்டினால் வழுக்குகிறது, ஆறினால் சரியாகிவிடுகிறது. ஏன் அண்ணா?"

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் தம்பி, உங்கள் வயதில் பலர் செய்கிற தவறு இது.

ஹைட்ராலிக்கில் கேபிள் கிடையாது. பெடல் புஷ் ராடைத் தள்ள, ராட் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ள, ஆயில் அழுத்தம்தான் கிளட்ச்சை இயக்கும். அந்த மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் தொட்டிக்குப் போகும் ஒரு சிறு துவாரம் உண்டு. பெடலை விட்டதும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கி அந்தத் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். சூட்டில் விரிகிற ஆயில் அந்த வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். ராடை நீளமாக வைத்தால் பிஸ்டன் பாதியிலேயே நிற்கும், துவாரம் மூடியே இருக்கும். வேலூர் வெயிலில் 14 கொண்டை ஊசி வளைவையும் கிளட்ச்சை மிதித்து மிதித்து ஏறினால் ஆயில் விரியும், திரும்ப வழியில்லை. அந்த அழுத்தமே நீங்கள் மிதிக்காமல் கிளட்ச்சை மிதித்துப் பிடிக்கும். ஆறியதும் ஆயில் சுருங்கி, வண்டி ஒழுங்காகிவிடும்.

பழைய ராடையே திரும்பப் போடுங்கள். அதிலும் லாக் நட் இருந்தால், பெடலை விட்ட நிலையில் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கையேட்டில் சொன்ன சிறு இடைவெளி இருக்கும்படி வையுங்கள். ஹைட்ராலிக்கில் டிஸ்க் தேய்மானத்தை ஆயிலே ஈடுகட்டிக்கொள்ளும். அதற்குத் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் தேவையில்லை. வழுக்கியபடியே பலமுறை மலை ஏறியிருந்தால் டிஸ்க் கருகிய வாசனை வந்திருக்கும். அப்படியென்றால் தள்ளிப்போடாமல் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஒரு ஆசிரியை: "பெடல் அடிவரை இறங்கிவிடுகிறது, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்கிறது. மொத்த கிளட்ச் செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். ஹைட்ராலிக் வண்டி."

அவசரப்படாதீர்கள் அம்மா. தொட்டியில் ஆயில் குறைந்திருக்கிறதா, பெடலுக்கு மேலே ராட் நுழையும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சீல் போயிருக்கும், இல்லையென்றால் உள்ளே காற்று நுழைந்திருக்கும். இதில் ஊற்றுவது பிரேக் ஆயில்தான். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிவிடும்.

ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு வெளியே இருந்தால், நல்ல பெயருள்ள வெளி பார்ட் போதும். கெட்டால் கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடலாம். சில வண்டிகளில் அது ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து கியர் பாக்ஸுக்கு உள்ளே இருக்கும். அங்கே மட்டும் கம்பெனி பார்ட், இல்லையென்றால் கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரின் பார்ட். மறுபடி கெட்டால் மறுபடி கியர் பாக்ஸை இறக்க வேண்டும். மிச்சம் பிடித்ததைவிடக் கூலி அதிகம் போய்விடும்.

ஆரணியிலிருந்து: "அட்ஜஸ்டர் நட் தொலைந்துபோனது. ஹார்டுவேர் கடை நட் போட்டால் என்ன?"

லாக் நட் என்றால் மரை அளவு சரியாக இருந்தால் போதும். அட்ஜஸ்டர் நட் என்றால் வேண்டாம். பல கார்களில் அதன் அடிப்பக்கம் வளைவாக இருக்கும், ஃபோர்க் கை நகரும்போது கூடவே உருண்டு கொடுக்கும். தட்டையான நட் கொடுக்காது. கம்பி அந்த இடத்திலேயே மடங்கி மடங்கி இழை இழையாக அறுந்துபோகும். கம்பெனி நட் சின்னச் செலவுதான்.

மேல்விஷாரத்திலிருந்து: "பெடலை மிதித்தால் சத்தம் வருகிறது. அட்ஜஸ்ட் செய்தால் நிற்குமா?"

நிற்காது. மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்று, விட்டதும் வந்தால் கியர் பாக்ஸின் உள் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங்கை மாற்ற எப்படியும் கியர் பாக்ஸ் இறங்கும். அப்போதே டிஸ்க்கின் கனத்தையும் அளக்கச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.